கிழக்குக் காட்டின் ஹாக்கி அணி

மருதங்காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. பங்குனி பிறந்ததும் அது வற்றிவிடும். வெடித்துக் கிடக்கும் மண்ணை யானைகள் மிதித்துச் சமமாக்கும். இரு முனைகளிலும் மூங்கில் நட்டால் ஹாக்கி மைதானம் தயார்.

ஏரிக்குக் கிழக்கே வாழும் விலங்குகள் ஓர் அணி. மேற்கே வாழ்பவை இன்னோர் அணி. ஆண்டுக்கு ஒரே ஓர் ஆட்டம். ஆனால் அது வெறும் விளையாட்டு இல்லை. கோடையில் அந்தக் காட்டில் தண்ணீர் நிற்கும் இடம் ஆனைமடு ஒன்றுதான். ஜெயித்த பக்கம் காலையில் போய்த் தெளிந்த நீரைக் குடிக்கும். தோற்ற பக்கம் சாயங்காலம் வரை நாக்கு வறண்டு காத்திருந்து, கலங்கிய மிச்சத்தைக் குடிக்கும்.

போன கோடையில் கிழக்குக் காடு சேற்றுத் தண்ணீர் குடித்தது. முயல் குட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தன. அவற்றில் இரண்டு எழுந்திருக்கவே இல்லை.

கிழக்கு அணியை நடத்தியது பூதப்பன் என்ற கரடி. ஆள் சேர்ப்பது, பழக்குவது, சாப்பாடு போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. முயல் குட்டிகளைப் புதைத்த அன்று அது ஒரு முடிவுக்கு வந்தது.

"இந்தத் தடவை தோற்கவே கூடாது! எங்கே இருந்தாலும் சரி, பெரிய ஆட்டக்காரர்களைக் கூட்டி வருகிறேன்!"

காடே அதற்குத் துணை நின்றது. ஆளுக்குக் கொஞ்சமாகத் தேன், கிழங்கு, பலாச்சுளை, பசும்புல் என்று கொண்டுவந்து ஒரு குகையை நிரப்பின. ஆட்ட நாள் வரை அணி சாப்பிட அதுதான். அதற்கு மேல் கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை.

பூதப்பன் மலை தாண்டிப் போய் மின்னி என்ற புள்ளிமானைப் பார்த்தது. பந்தை மட்டையில் ஒட்டவைத்தது போல ஓடும் மான் அது. கோல் அடிப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

"வருகிறேன். குகையில் இருப்பதில் பாதி எனக்கு வேண்டும். இங்கே என் கூட்டத்துக்கு மேய்ச்சல் இல்லை. அவர்களுக்கு அனுப்ப வேண்டும்" என்றது மின்னி.

பூதப்பன் கொஞ்சம் யோசித்தது. பிறகு தலையாட்டியது. அது தப்பான முடிவு இல்லை. மின்னி வந்த வாரமே பயிற்சி ஆட்டத்தில் நீர்நாய்களை வென்றார்கள். காடு துள்ளிக் குதித்தது.

அதற்குப் பிறகுதான் வினை வந்தது.

ஒரு நாள் சுழியன் என்ற கருங்குரங்கு மைதானத்துக்குத் தானாகவே வந்தது. யாரும் கேட்காமலே மட்டையை எடுத்தது. பந்தை மட்டை நுனியில் தூக்கி, தலைக்கு மேல் சுழற்றி, வாலில் தட்டி, மூங்கில்களுக்கு நடுவே அனுப்பியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாய் மூடவில்லை.

"அடேயப்பா! உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது பூதப்பன்.

"குகையில் மீதி இருக்கிற பாதி!" என்றது சுழியன்.

கோல்காப்பாளராக நின்ற கல்லாயி ஆமை மெல்ல முன்னால் வந்தது. அதன் பக்கத்தில் பின்களத்தில் ஆடும் உடும்பு இறுக்கனும் வந்தது.

"கரடியண்ணே, பாதி மின்னிக்கு. மீதிப் பாதி இவனுக்கு. அப்புறம் நாங்கள் எதைத் தின்பது?" என்று கேட்டது ஆமை.

"கல்லாயி, காட்டில் புல்லுக்கா பஞ்சம்? எங்கேயாவது மேய்ந்துகொள்ளுங்கள்!"

"நாளெல்லாம் பயிற்சி என்றால் மேயப் போவது எப்போது அண்ணே?"

பூதப்பனுக்குக் கோபம் வந்தது. கண் எல்லாம் சுழியன் மட்டையின் மேலேயே இருந்தது.

"கோல் அடிக்கிறவர்களுக்குத்தான் முதலில் சாப்பாடு! நீ என்ன செய்கிறாய்? கம்பத்துக்கு நடுவில் நிற்கிறாய். அந்த இடத்தில் ஒரு பாறாங்கல்லைப் புரட்டிப் போட்டாலும் அதுவும் நிற்கும்!"

கல்லாயி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு திரும்பி நடந்தது. இறுக்கன் பின்னாலேயே போனது. நடுக்களத்தில் ஆடிய காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றிகளும் மட்டைகளைக் கீழே வைத்துவிட்டுப் போயின.

"போனால் போகட்டும்! நம்மிடம்தான் மின்னியும் சுழியனும் இருக்கிறார்களே!" என்றது பூதப்பன். காலியான இடங்களில் கூலி கேட்காத அணில்களையும் காடைகளையும் நிறுத்தியது. ஒரு பாறாங்கல்லைக்கூட உண்மையிலேயே கோலில் புரட்டிப் போட்டது.

அடுத்த பயிற்சி ஆட்டத்துக்குச் சமவெளியிலிருந்து எருமைகள் வந்தன. சாதாரண அணிதான். மின்னி இரண்டு கோல் அடித்தது. சுழியன் ஒன்று அடித்தது. எருமைகள் ஒன்பது அடித்தன.

பாறை நின்ற இடத்திலேயே நின்றது. பந்து அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. எருமைகள் வருவதைப் பார்த்ததும் அணில்கள் மரம் ஏறிவிட்டன.

ஆட்டம் முடிந்ததும் சுழியன் மட்டையை வீசி எறிந்தது.

"பந்தை என்னிடம் கொடுத்திருந்தால் இன்னும் நான்கு அடித்திருப்பேன்!"

"உன்னிடம் கொடுத்தால் திரும்பி வருமா? ஒரு தடவையாவது எனக்குக் கொடுத்தாயா?" என்றது மின்னி.

"நான் ஏன் கொடுக்க வேண்டும்? கூட்டம் என்னைப் பார்க்கத்தான் வருகிறது!"

பூதப்பன் நடுவில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் போன பிறகும் மின்னி போகவில்லை. அதன் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணே, ஒன்று சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்."

"சொல்லு."

"நான் கோல் அடிக்கத்தான் வந்தேன். இன்றைக்கு நான் செய்தது என்ன? நம் கோல் வரைக்கும் ஓடிப் போய்ப் பந்தைப் பிடுங்கினேன். அங்கிருந்து மைதானம் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிர்க் கோல் கிட்டே போனபோது காலில் உயிர் இல்லை. தடுக்க ஒருவர் வேண்டும். தடுத்ததை எடுத்துக்கொண்டு வர ஒருவர் வேண்டும். அவர்கள் இல்லாமல் எனக்குப் பாதிக் குகை கொடுப்பது வீண், அண்ணே!"

பூதப்பன் காலியான கோலையும் பாறையையும் பார்த்தது. பிறகு எழுந்து நேராகச் சுழியனிடம் போனது.

"தம்பி, உன் ஆட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மீதிப் பாதி முழுவதையும் உனக்குக் கொடுக்க முடியாது. மற்றவர்களோடு பங்கு போட்டுக்கொள். இஷ்டம் இருந்தால் இரு."

சுழியன் கைகொட்டிச் சிரித்தது.

"பன்றிக்கும் ஆமைக்கும் சமமாக நானா? மேற்குக் காட்டில் நான் கேட்டதைக் கொடுப்பார்கள்!"

சொன்னபடியே அன்றைக்கே மேற்குக் காட்டுக்குப் போய்விட்டது. அங்கே அணித்தலைவராக இருந்த செந்நாய் அதற்கு மாலை போட்டு வரவேற்றதாம்.

கிழக்குக் காடு கொதித்துப் போனது.

"கையில் இருந்த சுழியனைக் கொண்டுபோய் எதிரியிடம் கொடுத்துவிட்டாயே!"

"முயல் குட்டிகளை மறந்துவிட்டாயா, கரடி?"

"மறக்கவில்லை. மறக்காததால்தான் இதைச் செய்கிறேன்" என்றது பூதப்பன். அதற்கே முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு கட்டுக் கீரையைத் தோளில் போட்டுக்கொண்டு மூங்கில் புதர்ப் பக்கம் நடந்தது.

கல்லாயி அங்கே தனியாக இருந்தது. கரடியைப் பார்த்ததும் தலை உள்ளே போய்விட்டது.

"கல்லாயி, நான் பேசியது தப்பு" என்றது பூதப்பன்.

கீரைக் கட்டை ஓட்டுக்கு முன்னால் வைத்தது.

"நிஜமாகவே பாறையைப் போட்டுப் பார்த்தேன்."

ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "எத்தனை விட்டது?"

"ஒன்பது."

மெல்லத் தலை வெளியே வந்தது. "ஒன்பதா! நல்ல பாறையாகப் பார்த்துப் போட்டிருக்கக் கூடாதா?"

பூதப்பன் சிரித்துவிட்டது. கல்லாயியும் சிரித்தது. ஆனால் உடனே கிளம்பவில்லை.

"அண்ணே, மின்னிக்கு நிறையக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் செய்வதை என்னால் செய்ய முடியாது. ஆனால் வயிறு காய்ந்தவன் குறுக்கே விழுந்து தடுக்க மாட்டான். எனக்காக மட்டும் கேட்கவில்லை. எல்லோரையும் கூப்பிடுங்கள். கூப்பிட்டு எல்லோரிடமும் பேசுங்கள். அப்புறம் நான் வருகிறேன்."

பூதப்பன் வளை வளையாகப் போனது. இறுக்கன் முதலில் முறைத்தது, பிறகு வந்தது. காட்டுப்பன்றி கிழங்கு என்ற சொல்லைக் கேட்டதும் வந்தது. முள்ளம்பன்றிகளும் வந்தன. மின்னிக்குச் சொன்ன பாதியைப் பூதப்பன் குறைக்கவில்லை. மீதிப் பாதியை அவரவர் தேவைக்குத் தகுந்தபடி பங்கு போட்டது. ஆமைக்குக் கீரையே போதும். பன்றிக்குக் கிழங்கு மலைபோல வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் பட்டினி இல்லை.

அப்போதும் இரண்டு இடம் காலியாக இருந்தது. பூதப்பன் இந்தத் தடவை பேர் பெற்றவர்களைத் தேடவில்லை. "எந்த வேலைக்கு ஆள் குறைகிறது?" என்று மட்டும் பார்த்தது. இடது ஓரத்தில் விடாமல் ஓட ஒரு காட்டுச்சேவல் கிடைத்தது. அது கோல் அடிக்காது. ஆனால் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று கத்திச் சொல்லிக்கொண்டே இருக்கும். வலது ஓரத்துக்கு ஒரு கீரி வந்தது.

ஆட்ட நாள் வந்தது. ஏரிக்கரை முழுவதும் கூட்டம். கிழட்டு யானை நடுவராக நின்று பிளிறியது. ஆட்டம் தொடங்கியது.

தொடங்கிய சூட்டிலேயே சுழியன் ஒரு கோல் அடித்தது. நான்கு பேரைச் சுற்றிவிட்டு, பந்தைத் தூக்கிக் கல்லாயியின் தலைக்கு மேல் அனுப்பியது. அழகான கோல்! கிழக்குக் காட்டில்கூடச் சிலர் கைதட்டிவிட்டார்கள்.

"பார்த்தாயா கரடி!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். பூதப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி சுழியன் வந்தது. "இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கூவியது காட்டுச்சேவல். இறுக்கன் மண்ணோடு மண்ணாகப் படுத்து மட்டையை நீட்டியது. பந்து நின்றது. இன்னொரு முறை சுழியன் தாண்டி வந்தபோது கல்லாயி கோலை விட்டு முன்னே உருண்டு வந்தது. பந்து ஓட்டில் பட்டு வெளியே தெறித்தது. இடைவேளை வரை மேற்கு அணி எத்தனையோ தடவை வந்தது. அந்த முதல் கோலுக்குப் பிறகு ஒன்றுகூட விழவில்லை.

சுழியனுக்கு மூச்சு வாங்கியது. தன் அணியைத் திரும்பிப் பார்த்தது. அங்கே பந்தை எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. சுழியனுக்குக் கொடுத்தது போக மிச்சம் இல்லாததால் பழைய ஆட்டக்காரர்கள் பலர் போய்விட்டிருந்தார்கள். பசியோடு நின்ற முயல்களும் நத்தைகளும்தான் பின்களத்தில் இருந்தன.

இடைவேளைக்குப் பிறகு கல்லாயி தடுத்த பந்தை இறுக்கன் வாங்கியது. இறுக்கன் முள்ளம்பன்றிக்குத் தள்ளியது. முள் சிலிர்த்து நின்ற அதன் கிட்டே யாரும் போகவில்லை. அது மின்னியைப் பார்த்து அனுப்பியது. மின்னி ஓடவில்லை, பறந்தது! இந்தத் தடவை காலில் பலம் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று!

ஆட்டம் முடியும் நேரம். மின்னியிடம் மறுபடி பந்து வந்தது. செந்நாய் கத்தியது: "மானை விடாதே! எல்லோரும் மானைச் சூழ்ந்துகொள்ளுங்கள்!"

சுழியன் உட்பட எல்லோரும் மின்னியைச் சூழ்ந்தார்கள். மின்னி அடிப்பது போல மட்டையை ஓங்கியது. அத்தனை பேரும் கோல் பக்கம் பாய்ந்தார்கள். மின்னி பந்தைத் தொடவே இல்லை. அப்படியே விட்டுவிட்டு விலகியது.

"பன்றியண்ணே! உங்களுடையது!"

பின்னால் ஓடிவந்த காட்டுப்பன்றி பிறந்ததிலிருந்து ஒரு கோல்கூட அடித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு அடி! பந்து மூங்கில்களுக்கு நடுவே போய்விட்டது. யானை பிளிறியது. தான் கோல் போட்டது பன்றிக்கே தெரியாது. "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே நின்றது. மற்றவர்கள் அதன் மேல் விழுந்து புரண்டார்கள்.

கூட்டம் கலைந்தபோது சுழியன் மைதானத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. பூதப்பன் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"நீ போட்ட கோல் பிரமாதம், தம்பி."

"ஒன்று போதவில்லையே, அண்ணே" என்றது சுழியன். முதல் தடவையாக அதன் குரல் தாழ்ந்திருந்தது.

"யாருக்கும் போதாது. அடுத்த பங்குனிக்கு எங்களோடு பங்கு போட்டுத் தின்ன மனம் இருந்தால் வா."

மறுநாள் காலை கிழக்குக் காடு ஆனைமடுவுக்குப் போனது. தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. முயல்கள் இந்த ஆண்டுக் குட்டிகளை முன்னே தள்ளிவிட்டன. குட்டிகள் மூக்கை நனைத்துக்கொண்டு, வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஒன்றன் மேல் ஒன்று தண்ணீரை வாரி இறைத்து விளையாடின.

பெரிய ஆட்டக்காரருக்கு உரியதைக் கொடுத்த பிறகும் மற்றவர் பசியாற மிச்சம் வைக்கிற அணியே வெல்லும்.