மகாராணி நுழையாத கூடம்

வில்லவராய மன்னருக்குத் திடீரென்று நேர்கோட்டின் மேல் மோகம் பிறந்துவிட்டது. பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனவர் அங்கே என்னத்தைப் பார்த்தாரோ தெரியாது. திரும்பி வந்ததும் அரண்மனை உட்கூடத்தையே புரட்டிப் போட்டுவிட்டார். மாலையில் குடும்பமும் நண்பர்களும் கூடி அரட்டை அடிக்கிற கூடம் அது. அங்கிருந்த பட்டுத் திண்டு, சிவப்புக் கம்பளம், ஊஞ்சல் எல்லாம் மூட்டை கட்டப்பட்டுப் பண்டசாலைக்குப் போயின. அந்த இடத்தில் சதுரக் கல்மேடைகளும் சதுர ஆசனங்களும் வந்து உட்கார்ந்தன. முக்காலிகள்கூட நாற்காலிகள் ஆகிவிட்டன. மூன்று காலில் சதுரம் வராதாம். சுவர் வெள்ளை. தரை சாம்பல். ஆசனங்கள் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு நிறம்.

போதாததற்கு ஓர் உத்தரவும் போட்டார். "இங்கே உள்ள எதையும் நகர்த்தக் கூடாது. எந்தப் பொருளின் மேலும் ஒரு துண்டுத் துணிகூட விழக் கூடாது. விழுந்தால், போட்டவர் யாராக இருந்தாலும் அன்று பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும்!"

வந்தவர்கள் எல்லாரும் "ஆஹா!" என்றார்கள். சொன்ன கையோடு அவசர வேலை ஞாபகம் வந்து கிளம்பினார்கள். சேனாபதி ஒருவர்தான் தைரியமாக உட்கார்ந்து பார்த்தார். எழுந்தபோது மேடை முனையில் தொடையை இடித்துக்கொண்டு அவர் போட்ட கூச்சல் கோட்டை வாசல்வரை கேட்டது. பாவம், போர்க்களத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை.

மகாராணி வடிவுநாச்சி வாசற்படியோடு நின்றுவிட்டாள். "கண்ணுக்கு ஒரு நிறம் இல்லை, முதுகுக்கு ஒரு மெத்தை இல்லை. இது கூடமா, கல் உடைக்கிற இடமா? இங்கே கொஞ்சமாவது மென்மை வரட்டும். இல்லையென்றால் வருகிற பௌர்ணமிக்குக் குழந்தையோடு என் அப்பா வீட்டுக்குப் போகிறேன்."

'குழந்தையோடு' என்றதும் மன்னர் ஆடிப்போனார். கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே மகள் முத்துநகை. இப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். அவளைப் பார்க்காமல் அவரால் ஒரு வேளை சாப்பிட முடியாது. ஆனால் போட்ட உத்தரவை விழுங்குவதற்கும் மனசு வரவில்லை. இப்படி மாட்டிக்கொண்டால் மன்னர்கள் என்ன செய்வார்கள்? அடுத்தவர் தலையில் கட்டுவார்கள்.

"ஓய் மருதாசலம்!" என்று கூப்பிட்டார். மருதாசலம் சபையில் வாய்க்குப் பேர்போனவர். "பௌர்ணமிக்குள் மகாராணி இங்கே வந்து சிரித்த முகத்தோடு உட்கார வேண்டும். என் உத்தரவும் அப்படியே இருக்க வேண்டும். முடியாவிட்டால் உமக்கு இங்கே வேலை இல்லை."

மருதாசலத்துக்கு உள்ளுக்குள் பகீர் என்றது. ஆனாலும் முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டார். "அதற்கென்ன மகாராஜா, ஆகட்டும்" என்று திரும்பியவர், மேடை முனையில் முழங்காலை இடித்துக்கொண்டார். உயிர் போகிற வலி. குனிந்து முழங்காலைத் தேய்த்தார். அந்த முனை எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் கவனித்தார். தேய்த்த கை நின்றது. நொண்டிக்கொண்டே நேராக மகாராணியிடம் போனார்.

"தாயே, நீங்கள் கூடத்துக்குள் வரவே வேண்டாம். வாசலில் நின்று இளவரசியை மட்டும் இறக்கி விடுங்கள்."

"அந்தக் கல்லுக்கு நடுவிலா? விளையாடுகிறீர்களா?"

"என் கை குழந்தையின் தலையைவிட்டு ஒரு சாண்கூட விலகாது. நான் கூடவே தவழ்கிறேன்."

மறுநாள் பிற்பகல். மன்னர் சதுர ஆசனத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முத்துநகை குடுகுடுவென்று தவழ்ந்து வந்தாள். பின்னாலேயே, வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மருதாசலமும் தவழ்ந்து வந்தார். மன்னருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

குழந்தை மேடையைப் பிடித்து எழுந்தது. தள்ளாடியது. கல்முனை சரியாக அதன் நெற்றிக்கு நேரே!

"ஐயோ, முனை!" மன்னர் பாய்ந்து வந்து முனையை உள்ளங்கையால் மூடினார். குழந்தை அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த முனைக்கு நகர்ந்தது. மன்னர் அங்கே ஓடினார். அது எதிர் மேடைக்குப் போனது. இரண்டு கையை வைத்துக்கொண்டு மனிதர் எத்தனை முனையைத்தான் மூடுவார்? தோளில் கிடந்த பச்சைப் பட்டுத் துண்டை உருவி ஒரு முனையில் சுற்றினார். தலைப்பாகையை அவிழ்த்து இன்னொன்றில் சுற்றினார். அப்படியும் முனைகள் மிச்சம் இருந்தன.

"யாரங்கே! பண்டசாலையைத் திறங்கள்! திண்டு, மெத்தை, கம்பளம், எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்!"

"மகாராஜா, உத்தரவு..." என்று தரையிலிருந்தே இழுத்தார் மருதாசலம்.

"உத்தரவைத் தூக்கிக் குப்பையில் போடும்! முதலில் குழந்தையைப் பிடியும்!"

கொஞ்ச நேரத்தில் சாம்பல் தரை சிவப்பானது. முனை ஒவ்வொன்றும் மஞ்சளும் ஊதாவுமாக முண்டாசு கட்டிக்கொண்டது. மெத்தைமேல் முத்துநகை தொப்பென்று விழுந்து கைகொட்டினாள். வாசலில் நின்ற மகாராணி வாய்விட்டுச் சிரித்தபடி உள்ளே வந்து, திண்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மன்னர் மூச்சு வாங்கினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "ஓய், என்னை ஏமாற்றிவிட்டீர்!"

"நானா? நான் ஒரு நூல்கூடக் கொண்டுவரவில்லையே. இளவரசி வரக் கூடாது என்று உத்தரவும் இல்லை. ஆனால் முதலில் துணி போட்டவர் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ஓர் உத்தரவு உண்டு. வெளியே வெயில் கொளுத்துகிறது. முனையில் சுற்றிய உங்கள் தலைப்பாகையை அவிழ்த்துத் தரட்டுமா, மகாராஜா?"

கூடம் அதிரச் சிரித்தார் மன்னர். தன் கையிலிருந்த காப்பைக் கழற்றி மருதாசலத்தின் கையில் மாட்டினார். மருதாசலம் விளையாட்டாகத் தலைப்பாகை முடிச்சில் கை வைத்தார்.

மன்னர் பதறிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "அதைத் தொடாதேயும்! நான் வெறுந்தலையோடேயே போய்க்கொள்கிறேன். அந்த முனைதான் ரொம்பக் கூர்மை."