தேரி ஓட்டமும் திறக்காத குடுக்கையும்

தேரிக்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மணல் மேடு. அங்கங்கே உடைமரம், ஒன்றிரண்டு பனை. அந்தக் குளத்தை நம்பி மான், முயல், நரி, பன்றி என்று நாலு கூட்டம் பிழைத்து வந்தது.

மழைக்காலத்தில் ஒரு சண்டையும் கிடையாது. ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கினால் குளம் சுருங்கிவிடும். முதலில் குடிப்பவருக்குத் தெளிந்த தண்ணீர் கிடைக்கும். கடைசியில் குடிப்பவருக்குச் சேறுதான். அடித்துக்கொண்டு சாவதைவிட ஓடித் தீர்த்துக்கொள்வோம் என்று எல்லோரும் கூடி ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு ஒருவர் ஓட வேண்டும். விடியும்போது குளக்கரையில் புறப்பட்டு, தேரியைக் கடந்து கடலைத் தொட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். கடற்கரையில் ஒரு நண்டு உட்கார்ந்திருக்கும். வந்தவர் காதில் ஒரு கிள்ளு கிள்ளும். அந்தக் கிள்ளுதான் அத்தாட்சி. வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆகையால் ஆளுக்கு ஒரு சுரைக்குடுக்கை, அவரவர் உடம்புக்கு ஏற்ற அளவில், கழுத்தில் தொங்கும். யார் எந்த வரிசையில் வந்து சேர்கிறாரோ, மழை வரும்வரை அவர் கூட்டம் அந்த வரிசையில் குடிக்கும்.

இது சட்டம். சட்டத்தில் இல்லாத ஒரு வீம்பும் இருந்தது. ஓடி முடித்தவரின் குடுக்கையை, பந்தயத்துக்கு நடுவரான கௌதாரி எல்லோர் முன்னாலும் குலுக்கிப் பார்க்கும். உள்ளே தண்ணீர் களக் களக் என்று சத்தம் போட்டால் ஊரே ஆர்ப்பரிக்கும். "தாகத்தை அடக்கிய ஆம்பிளை!" என்று கொண்டாடும். குலுக்கலில் ஜெயித்து ஒரு வாய்த் தண்ணீர்கூட அதிகம் கிடைக்காது. ஆனாலும் வெட்டிப் பெருமைக்கு எந்தக் காட்டில் பஞ்சம்?

மான் கூட்டத்துக்கு அந்த வருஷம் கொம்பையா ஓடினான். முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு. நல்ல ஓட்டக்காரன்தான். போன வருஷம் ஓடிய மான் பாதியில் நொண்டிவிட்டது. கூட்டம் கடைசியில் நின்று சேறு குடித்தது. கொம்பையாவின் தலைக்கன்று அந்தச் சேற்றைக் குடித்து வயிறு வீங்கிச் செத்துப்போனது. இப்போது இன்னொரு கன்று பிறந்திருந்தது. அதற்காவது தெளிந்த தண்ணீர் கிடைக்க வேண்டும் என்றுதான் அவன் ஓட முன்வந்தான்.

புறப்படுமுன் அவன் மனைவி பொன்னுத்தாய் குடுக்கையை அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"இந்தாருங்க, தாகம் வந்ததும் குடிச்சிருங்க. குலுக்கலும் வேண்டாம், கூப்பாடும் வேண்டாம். நீங்க வந்து சேர்ந்தாப் போதும்!"

"எனக்குத் தெரியாதா? நீ கன்னுக்குட்டியைப் பாரு" என்றான் கொம்பையா.

குளக்கரையில் கூட்டம் நெருக்கியடித்தது. முயல் கூட்டத்தில் சீனியம்மாள் வந்து நின்றாள். பன்றிக் கூட்டத்து ஆள், சுமப்பானேன் என்று தன் குடுக்கையை அங்கேயே ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு ஏப்பம் விட்டான். நரிக் கூட்டத்தில் பேச்சிமுத்து. அவன் கொம்பையாவைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏய், எல்லாரும் பாருங்கவே! கொம்பையா அண்ணாச்சி ஓடப் போறாக! இவுக தாத்தா கடலைத் தொட்டுட்டுக் குடுக்கை திறக்காம வந்தாகளாம்! பேரன் லேசுப்பட்டவகளா? இன்னைக்குக் குலுக்கும்போது பாருங்க, களக் களக்னு காது கிழியும்!"

கொம்பையாவின் தாத்தா ஓடியதே கிடையாது. அது கொம்பையாவுக்கும் தெரியும். ஆனால் கூட்டம் "ஓ!" என்று கத்தியதும் அவன் மறுக்கவில்லை. கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டான்.

கௌதாரி கூவியது. நாலு பேரும் பாய்ந்தார்கள்.

கெட்டித் தரையாக இருந்தால் கொம்பையாவை யார் பிடிக்க முடியும்? தேரி மணல் அப்படி விடாது. மேட்டில் ஏற ஏறக் குளம்பு புதையும். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். முயலுக்கும் நரிக்கும் பஞ்சுப் பாதம், மணல் மேலேயே போய்விடுவார்கள். அதனால் கொம்பையா முன்னால் போனாலும் வெகுதூரம் போய்விட முடியவில்லை.

வெயில் ஏறியது. நாக்கு வறண்டது. குடுக்கையின் வாயில் பனந்தும்பு அடைத்திருந்தது. பல்லால் இழுத்தால் போதும். கொம்பையா தலையைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி! அதுக்குள்ள தாகமா?" பின்னாலிருந்து பேச்சிமுத்துவின் குரல்.

"தாகமா? எனக்கா? கயிறு உறுத்துச்சு, சரி பண்ணேன்!"

"அதானே பாத்தேன்! சிங்கம்லா நீங்க!"

சிங்கம் என்றதும் மான் தாகத்தை விழுங்கிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் ஒரு உடைமர நிழலில் சீனியம்மாள் நின்று, வெட்கமில்லாமல் ஒரு வாய் குடித்தாள்.

"அண்ணாச்சி, நீங்களும் ஒரு வாய் குடிங்க. வாய்க்குள்ள நுரை கட்டியிருக்கு!" என்றாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவுதான் தாங்கும்" என்று நரி சிரித்தான். கொம்பையாவும் கூடச் சிரித்தான். உதடு வெடித்திருந்ததால் சிரிக்கும்போது வலித்தது.

கடலை முதலில் தொட்டவன் அவன்தான். நண்டு அவன் காதைக் கிள்ளிவிட்டு முகத்தை ஏறிட்டுப் பார்த்தது.

"யோவ், கண்ணு உள்ள போயிருச்சே! குடிச்சிட்டுப் போவே!"

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்!"

"எவனுக்காகவே சுமக்கே அதை?" என்று நண்டு முணுமுணுத்தது. கொம்பையா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நேரம் பேச்சிமுத்து வந்து சேர்ந்தான். அவன் குடுக்கை லேசாகக் காற்றில் ஆடியது.

"என்னவே, உன் குடுக்கை காலியா?" கொம்பையா கேலி செய்தான்.

"நான் என்ன உங்களை மாதிரியா அண்ணாச்சி? பலவீனமான ஜென்மம். பாதி வழியிலயே தீத்துட்டேன்!" என்று நரி தலையைத் தொங்கப் போட்டான்.

திரும்பும்போது உச்சிப்பொழுது. மணல் வறுகடலைச் சட்டியாகக் காய்ந்தது. காலையில் பதிந்த தடமெல்லாம் காற்றில் அழிந்து போயிருந்தது. கொம்பையாவுக்குத் தலை கிறுகிறுத்தது. வலதா இடதா என்று புரியவில்லை.

அப்போது பார்த்தான். தூரத்தில் தண்ணீர் பளபளத்தது. குளம்தான்! கரையில் மான்கள் நின்றன. நடுவே ஒரு சின்னக் கன்று, குனிந்து தெளிந்த தண்ணீரைக் குடித்தது. செத்துப்போன அவன் தலைக்கன்று!

"ஏ தங்கம்!" என்று கத்திக்கொண்டு பாதையை விட்டு விலகி ஓடினான். அவன் ஓட ஓடக் குளமும் பின்னால் நகர்ந்தது. வேகமாக ஓடினான். அதுவும் வேகமாக நகர்ந்தது. கழுத்தில் நிறைகுடுக்கை தடக் தடக் என்று நெஞ்சில் இடித்தது. நெஞ்சில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு கானல்நீரைத் துரத்துகிறோம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. மண்டை காய்ந்தால் மானுக்கென்ன, யாருக்குத்தான் வரும்?

முன்னங்கால் மடங்கியது. மணலில் குப்புற விழுந்தான். எழ முடியவில்லை. மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. செத்துப்போவோம் என்று தெரிந்தது. பயமாக இருந்தது. கன்றுக்குட்டியை நினைத்து அழ வந்தது, ஆனால் கண்ணில் ஈரம் இல்லை.

மணல் சரசரத்தது. பேச்சிமுத்து நின்றான். நாக்கு ஒரு முழம் தொங்கியது.

"பேச்சிமுத்து! வந்துட்டியா? என்னைத் தூக்கி விடுவே!"

நரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குடுக்கையைத்தான் பார்த்தான்.

"படுத்தே இருங்க அண்ணாச்சி. எனக்கு உங்க மேல ஒரு கோவமும் கிடையாது. ஆளுக்கு ஒரு குடுக்கைதானே சட்டம்? என் குடுக்கை சின்னது. அது கடல் வரைக்கும்தான் காணும். திரும்பி வர இன்னொண்ணு வேணும்லா? அதான் அதை உங்க கழுத்துல தொங்கவிட்டேன்."

"எப்போவே தொங்கவிட்டே?"

"காலையில, உங்க தாத்தாவைப் புகழ்ந்தேன்லா, அப்போ!"

கொம்பையாவுக்குச் சுரீர் என்று உறைத்தது. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. விடிந்ததிலிருந்து இவனுக்குத் தண்ணீர் தூக்கியிருக்கிறோம்! கூலி என்ன? நாலு நல்ல வார்த்தை.

நரி சாவகாசமாகக் கயிற்றின் முடிச்சில் பல்லை வைத்தான். கொம்பையாவுக்கு எழத்தான் முடியாது, தலையைத் திருப்ப முடியும். திருப்பினான். முறுக்குக் கொம்பு நரியின் விலாவில் விழுந்தது. பேச்சிமுத்து உருண்டு போனான். கொம்பையா தும்பைக் கடித்து இழுத்தான்.

"ஐயோ அண்ணாச்சி, குடிச்சிராதீங்க! மானம் போயிரும்! ஊரே சிரிக்கும்!" நரி அலறினான்.

"சிரிச்சாச் சிரிக்கட்டும்வே!"

குடித்தான். மடக் மடக் என்று குடித்தான். வெயிலில் வெதுவெதுத்துப்போன தண்ணீர்தான், ஆனால் தொண்டையில் இறங்க இறங்கக் கண் தெளிந்தது. குளம் மறைந்தது. கன்றும் மறைந்தது. எதிரே வெறும் செம்மணல்.

காலை ஊன்றி எழுந்தான். நரி மணலில் கிடந்து கெஞ்சினான். "ஒரு வாய்... ஒரே ஒரு வாய் அண்ணாச்சி!"

குடுக்கையில் கடைசி வாய் மிச்சம் இருந்தது. கொம்பையா அதை நரியின் நாக்கில் கவிழ்த்தான். "இந்தா. இவ்வளவு புகழ்ந்த வாய், காஞ்சு கிடக்க வேண்டாம்!" அது இரக்கமா இளக்காரமா என்று அவனுக்கே தெரியாது. நரி ஊர்ந்து ஒரு பனைமர நிழலுக்குப் போய்ச் சுருண்டான். கொம்பையா சூரியனைப் பார்த்துத் திசை பிடித்து நடந்தான். பிறகு மெல்ல ஓடினான்.

குளக்கரையில் குலவைச் சத்தம் கேட்டது. அது அவனுக்கு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு, வழி தவறாமல் ஓடிய சீனியம்மாள் முதலில் வந்து சேர்ந்திருந்தாள். முதல் தண்ணீர் முயலுக்கு. கொம்பையா இரண்டாவது. பன்றிக் கூட்டத்து ஆள் வெகுநேரம் கழித்து மூச்சிரைக்க வந்தான். நரி பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தான். அதனால் அந்தக் கோடை முழுக்க நரிக் கூட்டம், பன்றிகள் கலக்கிவிட்ட சேற்றைத்தான் குடித்தது.

கௌதாரி கொம்பையாவின் குடுக்கையைக் குலுக்கியது. சத்தம் இல்லை. மறுபடியும் குலுக்கியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என்ன கொம்பையா! தாத்தா பேரைக் காப்பாத்துவேன்னு போனே! தண்ணி எங்கவே?"

கொம்பையா ஒரு நிமிஷம் தலைகுனிந்தான். பொன்னுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காலுக்கிடையில் கன்று. அதைப் பார்த்ததும் அவன் தலை தானாக நிமிர்ந்தது.

"இங்க இருக்கு!" என்று வயிற்றைக் காட்டினான். "அது இங்க இருக்கப்போய்த்தான் நான் இங்க நிக்கேன்!"

மறுநாள் காலை முயல்கள் குடித்தன. முயல் குடித்து எவ்வளவு குறைந்துவிடும்? அடுத்து மான்கள் இறங்கின. கன்று தெளிந்த தண்ணீரில் மூக்கை முக்கித் தும்மியது. ஊர் பார்க்கப் பார்க்கக் கொம்பையா அதன் பக்கத்தில் நின்று, சத்தம் போட்டு, வயிறு முட்டக் குடித்தான்.

பிறர் கைதட்டலுக்காகத் தன் தாகத்தை மறைப்பவன், கடைசியில் பிறருக்கே தண்ணீர் சுமப்பான்.