சாமிக்கு ஏணி வைத்த ஊர்

சருகூரில் எல்லாம் இருந்தது. குளம் இருந்தது, நெல் அடிக்கக் களம் இருந்தது, சண்டை போட ஆளும் சமாதானம் பேச ஆளும் இருந்தார்கள். சாமி மட்டும் இல்லை.

அது யாருடைய குற்றமும் இல்லை. அவர்களுடைய பாட்டன்மார் வெள்ளத்துக்குப் பயந்து பழைய ஊரைக் காலி செய்து வந்தபோது, "சாமியை மறக்காம எடுத்துட்டு வா" என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் நடந்தவரிடம் சொன்னார்கள். பக்கத்தில் நடந்தவர் தமக்குப் பின்னால் வந்தவரிடம் சொன்னார். கடைசியாக வந்தது ஓர் எருமை. அதனிடமும் சொல்லியிருக்கிறார்கள். புது இடத்தில் மூட்டைகளைப் பிரித்தபோது அம்மிக்கல் நிறைய இருந்தது, சாமி இல்லை. எருமையைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அது வாயைத் திறக்கவில்லை.

சாமி இல்லாததால் பிள்ளைகளுக்குச் சாமி பெயர் வைக்கவும் வழியில்லாமல் போயிற்று. பிறந்த நேரத்தில் கண்ணில் பட்டதையே பெயராக வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் பூசணியார். அவருடைய தம்பி மகன் தவிடன். ஊரிலேயே ஒல்லியானவன் சுக்கன், அவன் மனைவி குண்டுமணி. யாருக்கும் ஒரு குறையும் இல்லை, தவிடனுக்குக் கல்யாண ஆசை வரும்வரை.

சந்தையில் வெற்றிலை விற்க வந்த பொன்னுருவியை அவன் பார்த்துவிட்டான். வெற்றிலை போடும் பழக்கமே இல்லாதவன் சந்தைக்குச் சந்தை அவளிடம் ஒரு கவுளி வெற்றிலை வாங்கினான். வாங்கியதையெல்லாம் வீட்டு ஆட்டுக்குப் போட்டான். கடைசியில் அந்த ஆடு வேறு எந்தத் தழையையும் முகர்ந்துகூடப் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் தாங்காது என்று பூசணியார் பெண் கேட்கப் போனார்.

பொன்னுருவியின் அப்பா திருமலைக்கொழுந்து, கொடிக்கால்குடியில் மதிப்பான மனிதர். மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. எழுந்திருக்கும்போது ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"உங்க ஊர்ல என்ன சாமி?"

"சாமியா? அது ஒண்ணுதாங்க இல்லை."

திருமலைக்கொழுந்து மறுபடி உட்கார்ந்தார். "ஏன்யா, நாளைக்கு என் பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னா யார்கிட்டப் போய்ச் சொல்லுவா? தை பிறக்கட்டும், நான் வந்து பாக்கறேன். அதுக்குள்ள ஒரு சாமியை ஏற்பாடு பண்ணுங்க. இல்லேன்னா இந்தப் பேச்சை விட்டுடுவோம்."

தவிடன் அன்று சாப்பிடவில்லை. ஆடு சாப்பிட்டது.

பல தேசத்துக் கப்பல் வருகிற பட்டினத்தில் எல்லாம் கிடைக்கும், சாமியும் கிடைக்கும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. பூசணியார், தவிடன், சுக்கன் மூன்று பேரும் ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீரோடு கிளம்பினார்கள். யாரிடமும் இரண்டே கேள்விதான் கேட்பது என்று பேச்சு. எப்படிக் கும்பிடுகிறீர்கள்? ஏன் கும்பிடுகிறீர்கள்?

துறையில் ஒரு மாலுமி கிண்ணத்திலிருந்து மதுவைக் கடலில் ஊற்றிக்கொண்டிருந்தான். மேற்கே வெகுதூரத்து ஆள்.

"எங்க கடல்சாமிக்கு" என்றான். "ஏன்னா, கடலைப் பார்த்தா எனக்குப் பயம். முதல் வாய் அவருக்கு, மிச்சம் நமக்கு. அவ்வளவுதான்."

பண்டகசாலை ஓரத்தில் ஒரு சீனத்துப் பட்டு வியாபாரி தம் தாத்தாவின் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். "அவர் இல்லாவிட்டால் நான் ஏது?" என்றார். "செத்தும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். அவர் தலைகுனியும்படி நான் எதுவும் செய்யக்கூடாது."

குதிரை லாயத்தருகே ஓர் அரபு வியாபாரி தொழுது முடித்துப் பாயைச் சுருட்டினார். அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமி எங்கேங்க?" என்றார் பூசணியார்.

"அவனுக்கு உருவம் கிடையாது. அவன் இல்லாத இடமும் கிடையாது. எனக்கு மூச்சைக் கொடுத்தவன், நன்றி சொல்ல வேண்டாமா?"

"எங்க ஊர்லயும் இருக்காரா?"

"இருக்கிறான்."

"பூட்டின வீட்டுக்குள்ளே?"

"அங்கேயும்தான்."

பூசணியாருக்கு மனத்தாங்கலாகிவிட்டது. "இத்தனை வருஷமா எங்ககூடவே இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே!"

கடைசியாக, ஓர் அம்மன் கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்கள். அவள் நாரைப் பல்லில் கடித்தபடியே சொன்னாள்: "மனசுல இருக்கறதை யார்கிட்டயாவது சொல்லணும்ல? புருஷன்கிட்டச் சொன்னா தூங்கிடறான். அம்மன் தூங்கமாட்டா. கண்ணை மூடிக்கிட்டு உருகி உருகிக் கும்பிடுங்க. சாமி தானா இறங்கி வரும்."

மூவரும் அவளை வணங்கிவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். கற்றதை மறந்துவிடக்கூடாது என்று வழியிலேயே கடைப்பிடிக்கத் தொடங்கினார்கள்.

பாதி வழியில் தாகம். குடுக்கையைத் திறந்த சுக்கன் முதல் வாயைச் சாமிக்கு என்று தரையில் ஊற்றினான்.

"போதுமாடா?" என்றார் பூசணியார்.

"போதும்னு சாமி சொல்லலையே, அண்ணே."

"சொல்றவரைக்கும் ஊத்து."

சாமி சொல்லவே இல்லை. குடுக்கை காலியாயிற்று. நாக்கு வறண்டபடி நடந்தார்கள்.

அடுத்துத் தவிடன் நின்றுவிட்டான். "பெரியப்பா, சாமி இல்லாத இடமே இல்லேன்னாரே. அப்ப காலை எங்கே வைக்கிறது?"

தூக்கிய காலோடு மூவரும் யோசித்தார்கள். கால் வைக்காமல் ஊர் போய்ச் சேர முடியாது. ஆனால் குறைவாக வைக்கலாம். அன்றிலிருந்து தவளையைப் போல் தாண்டித் தாண்டிப் போனார்கள். பூசணியார் மட்டும் ஒவ்வொரு தாவலுக்கும் "மன்னிச்சுக்குங்க" என்றார்.

ஆற்றங்கரையில் குளிக்க வேட்டியை அவிழ்க்கப்போன பூசணியார் சட்டென்று இறுக்கிக் கட்டிக்கொண்டார். "எங்க தாத்தா பார்த்துக்கிட்டு இருப்பாருடா."

"புதர் மறைவுல குளிங்க."

"மேலேருந்து பார்த்தா புதர் என்ன மறைக்கும்?"

வேட்டியோடு குளித்து, ஈர வேட்டியோடு தாண்டி, மூன்று பேரும் ஊர் வந்து சேர்ந்தபோது பூசணியாருக்கு ஜலதோஷம், தவிடனுக்குக் கணுக்கால் வீக்கம். தையும் பிறந்துவிட்டது. மறுநாள் திருமலைக்கொழுந்து வருகிறார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

களத்தில் ஊர் கூடியது. தவிடன் அழும் நிலையில் இருந்தான். "எல்லா இடத்திலேயும் இருக்கார்னு சொல்லி மாமாவுக்குக் களத்தைக் காட்டினா, களம்தானே தெரியும்?"

"அதனாலதான் அந்தப் பூக்காரம்மா சொன்னபடி இறக்கிக்கணும்" என்றார் பூசணியார். "இறங்கிட்டா முகம் தெரியும்."

"எப்படி இறங்குவாரு?" என்று குண்டுமணி கேட்டாள். நல்ல கேள்வி என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ஏணி வச்சாத்தான் இறங்க முடியும்."

"ஏணி எவ்வளவு உயரம் வேணும்?"

"இந்த ஊர்ல பனைமரத்துக்கு மேல எதுவும் இல்லை. அதுக்கு மேல இருக்கறது சாமியாத்தான் இருக்கணும்."

களத்து ஓரத்துப் பனையோடு சேர்த்து மூங்கில் ஏணி கட்டினார்கள். முதல் தடவை இறங்குபவருக்குப் படி எங்கே இருக்கிறது என்று தெரியாதே, கை கொடுத்து இறக்கிவிட ஒருவன் உச்சியில் நிற்க வேண்டும் என்றார் பூசணியார். ஒல்லியான சுக்கன் ஏறுவதென்று முடிவாயிற்று.

"பாத்து ஏறுய்யா" என்றாள் குண்டுமணி.

மறுநாள் உச்சிவெயிலில் சுக்கன் ஏறினான். கீழே விறகை அடுக்கி நெருப்பு மூட்டி, ஊர் முழுக்கச் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. வெண்ணெயே நெருப்பருகில்தான் உருகுகிறது, மனிதன் எப்படிச் சும்மா உருகுவான் என்பது அவர்களுடைய கணக்கு. சீக்கிரமே எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது.

"உருகுது பெரியப்பா!"

"எனக்குத் தொப்பை உருகுதுடா. பேசாதே, கும்பிடு."

மேலே சுக்கனுக்கு நாக்கு வறண்டது. பனை உச்சியில் கள் கலயம் தொங்கியது. அவன் ஒழுக்கமானவன், முதல் வாயைச் சாமிக்கு ஊற்றினான். கீழே இருந்தவர்கள் தலையில் சொட்டியது. "தூறல் போடுது, கிளம்பிட்டார்!" என்று ஒருவர் சொல்ல, ஊரே இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடியது. சாமி மிச்சம் வைத்ததையெல்லாம் சுக்கன் குடித்தான். அடுத்த கலயத்திலும் சாமி நிறைய மிச்சம் வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் திருமலைக்கொழுந்தும் பொன்னுருவியும் களத்துக்குள் வந்தார்கள். கொளுத்தும் வெயிலில் ஓர் ஊரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கண்மூடி வேர்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மேலே ஒரு மூங்கில் படி முறிந்தது. சுக்கன் கையில் கிடைத்த ஓலையைப் பற்றினான், ஓலையும் அவனோடு வந்தது. சரசரவென்று சறுக்கி, வைக்கோல் போரில் விழுந்து எழுந்து நின்றான். முகமெல்லாம் கள் நுரை, புகைக் கரி, தலையைச் சுற்றிப் பனைநார்.

ஊர் கண்ணைத் திறந்தது.

"இறங்கிட்டார்!" என்று கூவி எல்லாரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள்.

"யாருய்யா இது?" என்றார் திருமலைக்கொழுந்து.

"நான் சுக்கனுங்க" என்றான் சுக்கன்.

பூசணியார் கைகூப்பினார். "சாமி, எங்களைச் சோதிக்காதீங்க. சுக்கன் ஏறினான், நீங்க இறங்கினீங்க. ஏறினவனும் இறங்கினவரும் எப்படி ஒரே ஆளா இருக்க முடியும்?"

சுக்கன் யோசித்தான். கள் உள்ளே இருந்ததால் நிதானமாகவே யோசித்தான். பெரியவர் சொல்வதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் முகம் மாறியது.

"அப்ப சுக்கன் எங்கே?"

எல்லாரும் மேலே பார்த்தார்கள். பனை உச்சியில் ஒருவரும் இல்லை.

குண்டுமணி அலறிக்கொண்டு ஓடிவந்து அவன் காலைப் பிடித்தாள். "சாமி! உங்களுக்குக் கை கொடுக்க வந்தவரை மேலேயே விட்டுட்டு வந்துட்டீங்களே! எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா? குறட்டை விடுவார், ஆனா ஒரு நாளும் என்மேல கை நீட்டினதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவர்தான் கஞ்சி காய்ச்சினார். உப்புக்குப் பதிலாச் சர்க்கரை போட்டார். நான் நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே சாமி!"

கல்யாணமான நாளிலிருந்து சுக்கன் இதையெல்லாம் கேட்டதில்லை. கரி வழிய வழிய அழுதான்.

"அவ்வளவு நல்லவனா அந்தச் சுக்கன்?"

"தங்கம், சாமி!"

"ஐயோ, அவன் கிடைக்கணுமே!" என்று அவனும் மேலே பார்த்துக் கும்பிட்டான். சாமியே கும்பிடுவதைக் கண்டு ஊர் முழுக்கத் தேம்பியது. சண்டைக்காரர்கள் தோளோடு தோள் சாய்ந்து அழுதார்கள். "என் மண்வெட்டியை அவன் திருப்பித் தரவே வேணாம், ஆள் வந்தாப் போதும்" என்றார் ஒருவர்.

திருமலைக்கொழுந்து மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். புகையாகவும் இருக்கலாம். "எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு கோயில் இருக்கு" என்றார் மகளிடம். "ஆனா நெஜமாவே ஒருத்தன் தொலைஞ்சாக்கூட இப்படி அழமாட்டாங்க. இங்க எதிர்ல நிக்கிறவனுக்கே அழறாங்கம்மா. நீ என்ன சொல்றே?"

பொன்னுருவி தவிடனைப் பார்த்தாள். அவன் வீங்கிய கணுக்காலோடு பனையைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தான், ஒரு தடவை அவளையும் இடித்துக்கொண்டு.

"இங்கேயே கட்டிக்கொடுங்கப்பா. இந்த ஊருக்கு விவரம் தெரிஞ்சவ ஒருத்தியாவது வேணும்" என்றாள்.

அந்த மாதமே கல்யாணம் நடந்தது. அதுவரை சாமியைக் குண்டுமணி வீட்டு மாட்டுக்கொட்டகையில் மரியாதையாகத் தங்கவைத்திருந்தார்கள். கொட்டகையில் எது எங்கே இருக்கிறது என்று சாமிக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. எல்லாம் அறிந்தவர் என்று ஊர் மெச்சியது.

ஆனால் கல்யாணப் பந்தியில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சுக்கன் இல்லாத விருந்தா? அவன் நினைவாக ஓர் இலை போட்டு, பருப்பும் பாயசமும் பரிமாறி வைத்தார்கள். அதற்குப் பக்கத்து இலையில் சாமியை உட்காரவைத்தார்கள். சாமி தம் இலையை முடித்தார். பசி அடங்கவில்லை போலும், பக்கத்து இலையையும் வழித்துச் சாப்பிட்டார். கை கழுவப் போய்த் திரும்பி வந்தவர் காலி இலையைப் பார்த்து அப்படியே நின்றார். கண் நிறைந்தது.

"எல்லாரும் இங்கே ஓடி வாங்க! குண்டுமணி, அழாதே!" என்று சாமி சந்தோஷத்தில் கத்தினார். "சுக்கன் வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கான்!"