வெள்ளைக் கன்னும் சிவப்பு மெழுகும்

ஒரு பனி ஊர்ல, ஒரு வீட்டுல, அன்னிக்குக் காலையில மொத்தம் ஏழு பேரு இருந்தாங்க. எண்ணிக்கோ. அப்பா நீலஸ், அம்மா இங்கா, பெரிய பொண்ணு எல்லே, சின்னப் பொண்ணு ரிஸ்தன், ஒரு கறுப்பு நாய், ஒரு பனிமான். ஆறாச்சா? அப்புறம் அந்த மான் அப்பத்தான் போட்ட கன்னுக்குட்டி. பால் மாதிரி வெள்ளை. ஏழு.

"ம்."

வடக்கே, ரொம்ப வடக்கே. அந்த ஜனங்களுக்குச் சாமின்னு பேரு. நம்ம கோயில் சாமி இல்ல, பேரு அப்படி. பூர்வகாலத்துலேர்ந்து அந்தப் பனியில மான் மேய்க்கிறவங்க. கால்ல நீளமா ரெண்டு பலகையைக் கட்டிக்கிட்டு, கையில ரெண்டு கோலை ஊனிக்கிட்டு, சர்ர்ர்ருன்னு மலையெல்லாம் சறுக்கிட்டுப் போவாங்க. நாம மாட்டுக்குச் சூடு போடுவோம்ல? அவங்க மான் காதுல குறி வெட்டுவாங்க. ஆளுக்கு ஒரு குறி. காதைப் பார்த்தாலே யாரு மானுன்னு தெரிஞ்சிடும்.

அப்போ எல்லே சொன்னா, "கன்னு எனக்கு, அப்பா."

"எனக்கும்!"ன்னா ரிஸ்தன்.

"எனக்கும்னா? ஒரு கன்னுக்கு ரெண்டு வாலா இருக்கு?"

அப்பா சிரிச்சாரு. "பங்குனியில ஊர்ப் பந்தயம் வருது. யாரு முதல்ல வர்றீங்களோ, அவ குறி. ரெண்டு பேரும் தோத்தா, என் குறி."

"எல்லேதானே பெரியவ? அவளுக்குத்தானே தரணும்?"

அதையேதான் அவளும் கேட்டா, கண்ணு. பந்தயம்னா பந்தயம்தான்னுட்டாரு அப்பா. அன்னிக்குப் பிடிச்சுது அவளுக்கு வயித்தெரிச்சல். தங்கச்சி சிரிச்சா எரியும். தங்கச்சி கைய நாய் நக்கினா எரியும். கன்னுக்குட்டி ரிஸ்தன் பின்னாடி ரெண்டடி போனாப் போதும், இவ அன்னிக்குச் சாப்பிடமாட்டா.

அப்புறம் என்ன செஞ்சா? தங்கச்சியோட கோல் ரெண்டையும் வண்டிக்கு அடியில ஒளிச்சு வச்சா. ரிஸ்தன் தேடினா, தேடினா, கிடைக்கல. சரின்னு கோலே இல்லாம சறுக்கினா. தொபுக்குன்னு விழுவா, எழுந்திருப்பா. பனிக்காலம் பாதி போறதுக்குள்ள அவ கால் உலக்கை மாதிரி ஆயிடுச்சு.

"ம்."

அப்புறம், "ஒரு மானைக் காணோம், மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாரு"ன்னு அனுப்பினா. காணாமப்போன மான் ஒண்ணும் கிடையாது. ரிஸ்தன் மலையைச் சுத்திட்டு வந்து, "அங்க இல்லக்கா"ம்பா. "நல்லாத் தேடினியா? மறுபடி போ"ம்பா இவ. போகப் போக அவளுக்கு மூச்சு வாங்குறதே நின்னுபோச்சு.

மூணாவது, மெழுகு. பலகைக்கு அடியில மெழுகு தடவணும். காஞ்ச பனிக்குப் பச்சை மெழுகு, கெட்டியா இருக்கும். ஈரப் பனிக்குச் சிவப்பு, பலாப்பால் மாதிரி பிசுபிசுன்னு இருக்கும். மாத்தித் தடவினா போச்சு. பந்தயத்தன்னிக்குக் காலையில பனி உப்பு மாதிரிக் காஞ்சு கிடந்தது.

"அக்கா, அம்மா தலை பின்னக் கூப்பிடறா. என் பலகைக்கும் தடவிடறியா?"

"தடவிடறேன், போ."

தனக்குப் பச்சை. தங்கச்சிக்குச் சிவப்பு.

"ஐயையோ!"

மெதுவா. அண்ணன் தூங்கறான்.

டுமீல்னு வெடிச்சதும் எல்லாரும் கிளம்பினாங்க. எல்லே சர்ர்ர்ருன்னு போறா. ரிஸ்தன் பலகையில பனி உருண்டை உருண்டையா அப்பிக்கிச்சு. தொப்பு, தொப்புன்னு நடக்கிறா. முதல் மலையில அவதான் கடைசி.

ஊல்லான்னு பட்டணத்துக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரிச்சா. "மான் மேய்க்கிறவளுக்குப் பந்தயம் ஒரு கேடா? ஒரு மானையே கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லு!"

எல்லேவுக்குச் சுருக்குன்னுச்சு. "நாங்க எல்லாரும் மான் மேய்க்கிறவங்கதான்டி. அவளைப் பார்த்துச் சிரிக்க நான் ஒருத்தி இருக்கேன், நீ யாரு?"

ரெண்டாவது மலையில காத்து திரும்பிச்சு. தெக்கேர்ந்து கதகதன்னு வந்துது. மூணாவது மலையில சொட்டு, சொட்டு, அப்புறம் சோன்னு மழை. பனியெல்லாம் நசநசன்னு ஆயிடுச்சு. பச்சை மெழுகு தடவினவங்க ரெண்டடி ஏறுவாங்க, மூணடி வழுக்குவாங்க. எல்லேவும்தான். முன்னாடி போன ஊல்லா மட்டும் கோலை ஊனி ஊனி உச்சிக்குப் பக்கத்துல போயிட்டா.

அப்போ பின்னாடி சரக், சரக், சரக்னு சத்தம். யாரு?

"ரிஸ்தன்!"

அப்பியிருந்த உருண்டையெல்லாம் மழையில கரைஞ்சுபோச்சு, சிவப்பு மெழுகு ஈரத்துல கப்புன்னு பிடிக்குது. "அக்கா, வழி!"ங்கிறா. எல்லேவோட கை நீண்டுது, தங்கச்சி சட்டையைப் பிடிச்சு இழுக்கத்தான். இழுத்தா யாரு ஜெயிப்பா? அந்தப் பட்டணத்துக்காரி. கன்னு யாருக்கும் இல்ல. பட்டுனு அதே கையால தங்கச்சி முதுகுல கொடுத்தா ஒரு தள்ளு.

"போடி! அவளை விடாதே!"

போனா பாரு! உச்சியில ஊல்லாவைத் தாண்டி, இறக்கத்துல அம்பு மாதிரி இறங்கி, ரிஸ்தன் முதல்.

பரிசு கொடுத்தவர் கேட்டாரு, "யாரும்மா உனக்குப் பழக்கினது?"

"எங்க அக்கா. கோலை ஒளிச்சு வச்சா, கால் பழகிச்சு. இல்லாத மானைத் தேட அனுப்பினா, மூச்சு பழகிச்சு. இன்னிக்கு மெழுகும் அவ தடவினதுதான்."

எல்லாரும் எல்லேவைப் பார்த்துக் கை தட்டறாங்க. அவ மூஞ்சி மெழுகைவிடச் சிவப்பாயிடுச்சு. ரிஸ்தன் காதோரம் வந்து, "அடுத்த தடவை எந்த மெழுகுன்னு சொல்லிட்டுத் தடவுக்கா"ன்னா.

"அவளுக்குத் தெரியுமா?"

எல்லாமே தெரியும். அதுதான் எல்லேவுக்கு இன்னும் எரிச்சல். 'ஜெயிச்சுட்டா, சரி. இவ்வளவு நல்லவளா வேற இருக்கணுமா?'

அப்புறம் ரிஸ்தனைச் சறுக்குப் பந்தயத்துல நாட்டுக்காக ஓடக் கூப்பிட்டாங்க. பதிமூணு பனிக்காலம் ஓடினா. தலையில அவ ஜனங்களோட சிவப்பு நீலக் குல்லாய். "அதைக் கழட்டிட்டு ஓடு"ன்னு சில ஊர்ல சொன்னாங்க. "தலை குல்லாயோடதான் வரும்"னுட்டா. கழுத்து நிறைய மெடல். பேப்பர்ல அவ படம் வந்தா, எல்லே அடுப்பு பத்த வைக்க எடுப்பா, அப்புறம் மடிச்சுப் பெட்டியில வச்சுக்குவா.

வெள்ளைக் கன்னோட காதுல ரிஸ்தன் குறிதான். ஆனா வளர்த்தது எல்லே. போன்ல ரிஸ்தன் கேட்பா, "என் கன்னு என்ன பண்றா?"

"என் மடியில தலை வச்சுத் தூங்கறா."

"போக்கா! எனக்கு வயிறு எரியுது."

அதைக் கேட்டாத்தான் எல்லேவுக்கு அன்னிக்குச் சோறு இறங்கும்.

ரிஸ்தன் ஓட்டத்தை விட்டுட்டு ஊருக்கு வந்தப்போ, அந்த வெள்ளை மானுக்குப் பதினோரு குட்டி. எல்லாம் வெள்ளை. "நீ வளர்த்தே, பாதி உனக்கு"ன்னா ரிஸ்தன். பங்கு போட்டாங்க. எல்லேவுக்கு அஞ்சு. ரிஸ்தனுக்கு அஞ்சு. மிச்சம் ஒண்ணுக்காக, கிழவிங்களாகியும் ரெண்டு பேரும் இன்னிக்கும் சண்டை.

"அது யாருக்கு?"

இன்னும் காதுல குறி போடல. உனக்குத்தான், வச்சுக்கோ.

"அண்ணனுக்கு?"

அவன் தூங்கிட்டான், அவனுக்குக் கிடையாது. அவன்கிட்ட சொல்லிடாதே. கண்ணை மூடு. கதை மலை இறங்கிடுச்சு. பத்து மான் படுத்துடுச்சு. மிச்சம் ஒண்ணு.