மணல் மூட்டையும் நாற்பது வாசலும்

கேளுங்கள். பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். அடுத்தவன் உடம்புக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள்.

கல்லைத் தூக்கியவனுக்கே கோட்டைக் காவலைக் கொடுத்த காலம் அது. குன்றக்கோட்டை அரண்மனை வாசலில் ஓர் உருண்டைக் கல் கிடந்தது. அதைத் தோள்வரை ஏற்றி முதுகுக்குப் பின்னால் போடுகிறவன்தான் காவலுக்குத் தலைவன். அவன் குடும்பத்துக்கு ஆயுசு முழுக்க அரண்மனைச் சோறு.

அந்தக் கல்லைத் தூக்கப் பழக்குவதற்கு வல்லகண்டன் என்று ஓர் ஆசான் இருந்தான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறை. மணல் மூட்டையை முதுகில் ஏற்றி நூறு தடவை உட்கார்ந்து எழ வேண்டும். தினம் ஓர் உழக்கு மணல் கூடும். மழை பெய்தாலும் கூடும், காய்ச்சல் அடித்தாலும் கூடும், வீட்டில் சாவு விழுந்தாலும் கூடும். ஒரு நாளும் குறையாது.

முதலில் வந்தவன் மருதையன். நாலாம் மாதம் அவன் இடுப்புக்கு மேலே சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அன்றைக்குக் கட்டிலில் படுத்தவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. "பயந்தாங்கொள்ளிப் பயல்" என்றான் ஆசான்.

அடுத்து வந்தவனுக்கு முழங்கால் போனது. "வீட்ல ஒழுங்கா தின்னிருக்க மாட்டான்" என்றான்.

அதற்கடுத்தவனுக்குத் தோள் கழன்றது. "சொன்ன பேச்சு கேக்கல" என்றான்.

இப்படி நாற்பது பேர். நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு பழியைப் போட்டு அனுப்பிவிட்டு, மூட்டையை மட்டும் பத்திரமாகத் துடைத்து வைத்தான் அந்தப் புண்ணியவான்.

நாற்பத்தொன்றாவதாக வந்தான் பூதப்பன். குடைசாய்ந்த வண்டியைத் தனி ஆளாக நிமிர்த்துகிற உடம்பு அவனுக்கு. அவன் கல்லைத் தூக்கிவிட்டான். தூக்காமல் என்ன செய்வான்? ஆசான் இல்லாவிட்டாலும் தூக்கியிருப்பான். ஆனால் ராஜா என்ன செய்தார் தெரியுமா? ஆசான் கையில் தங்கக் காப்பைப் போட்டார். இனி வல்லகண்டன் முறையை மீறிப் பழகுவது ராஜதுரோகம் என்று பறை அறைவித்தார்.

இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. நாற்பது பேர் முடங்கிக் கிடக்க, ஒருவனை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டால் அதற்குப் பெயர் வெற்றியா? அந்த ராஜாவுக்குக் கண் இருந்தது. ஒரு தெரு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். நடக்கவில்லை.

சில வருஷம் போனது. பூதப்பன் தன் ஊருக்குப் போய்விட்டான். காவலுக்குப் புது ஆள் வேண்டியிருந்தது. மருதையனின் தம்பி சிலம்பன் வந்து நின்றான். வீட்டில் அரிசி இல்லை, அதனால் வந்தான்.

பத்து வருஷமாக அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்தவன் அவன். உடம்பு எங்கே தாங்கும், எங்கே உடையும் என்று அவன் விரலுக்குத் தெரியும். அதனால் அவன் ஒரு காரியம் செய்தான். மூன்று நாள் ஆசான் சொன்னபடி மணலைக் கூட்டினான். நாலாம் நாள், ஆசான் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பாதி மணலைக் கொட்டிவிட்டு இலேசாகப் பழகினான். ஐந்தாம் நாள் காய்ச்சல், வீட்டிலேயே மூட்டை தூக்கிக்கொள்கிறேன் என்று ஆசானிடம் சொல்லிவிட்டு, தின்று தூங்கினான். ஆறாம் நாள் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினான். எட்டு மாதம் இப்படியே ஏறினான், இறங்கினான், ஏறினான்.

ஒரு நாள் ஆசான் மூட்டையைக் காலால் எட்டி உதைத்தான். எட்டு மாத மணல் இருந்தால் அசையக்கூடாத மூட்டை நகர்ந்துவிட்டது.

"டேய்! மணலையா கொட்டுற?" என்று கத்தி, சிலம்பனின் தலைமயிரைப் பிடித்துச் சபைக்கு இழுத்துப் போனான். "மகாராஜா, எட்டு மாசமா இவன் என் முறைப்படி பழகவே இல்ல. ஒரு நாள்கூட இல்ல. துரோகி! இவன் வலது கையை வெட்டுங்க!"

ராஜா சிலம்பனைப் பார்த்தார். "கொட்டினாயா?"

"கொட்டினேன் மகாராஜா. கொட்டலன்னா என் முதுகும் எங்கண்ணன் முதுகு மாதிரி போயிருக்கும். கையை வெட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கல்லை ஒரு தடவை தொட விடுங்க. தூக்கலன்னா அந்தக் கல்மேலயே வச்சு வெட்டிக்குங்க."

வாளை உருவிக்கொண்டு ஒரு வீரன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். சிலம்பன் குனிந்தான். கல் முழங்காலுக்கு வந்தது. மார்புக்கு வந்தது. தோளுக்கு ஏறியது. பின்னால் விழுந்தபோது அரண்மனைத் தூணில் இருந்த புறாவெல்லாம் பறந்தன.

அப்போது அந்த வல்லகண்டன் என்ன செய்தான் தெரியுமா? வெட்கமில்லாமல் ஓடிப்போய்ச் சிலம்பன் தோளில் கை போட்டான். "பாத்தீங்களா மகாராஜா! என் பிள்ளை! என் முறை!"

சிலம்பன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். "ஆசானே, இப்பத்தான் ஒரு நாள்கூட உங்க முறைப்படி பழகலன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னீங்க. பழகலன்னா நான் எப்படி உங்க பிள்ளை? பழகினேன்னா என் கையை எதுக்கு வெட்டச் சொன்னீங்க? தூக்கினவன் எல்லாம் உங்க ஆளு. உடைஞ்ச நாற்பது பேரும் யாரோட ஆளு?"

 ராஜா தரையைப் பார்த்தார். பார்க்கட்டும், காப்புப் போட்டது அவர் கைதானே.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா கடைசியில்.

"காவல் வேலை என் கைக்குக் கிடைச்சது. அது போக ஒண்ணு கேக்குறேன். இவர் நாற்பது வீட்டுக்கும் நடந்து போகணும். ஒவ்வொருத்தன் முன்னாடியும் நின்னு, 'தப்பு உன்னுது இல்ல, என்னுது'ன்னு சொல்லணும்."

பொன் கேட்டிருந்தால் ராஜா உடனே கொடுத்திருப்பார். இதற்குக் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையாட்டினார். ஆசான் காப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தான்.

முதல் வீடு மருதையன் வீடு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லுங்க" என்றான் சிலம்பன்.

"தப்பு உன்னுது இல்ல மருதையா. என்னுது."

மருதையன் தலையை ஆசான் பக்கம் திருப்பினான். "அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லையா?" என்று கேட்டான்.

"இல்ல."

"பத்து வருஷமா என்னை நானே காறித் துப்பிக்கிட்டு இருந்தேனே ஆசானே" என்று சொல்லி, எழ முடியாத அந்த மனிதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓவென்று அழுதான். ஆசான் இன்னும் முப்பத்தொன்பது வாசல் ஏற வேண்டியிருந்தது.

ஆகவே, ஜெயித்தவனைத் தன் திறமை என்று காட்டுகிற ஆசான், உடைந்தவனைத் தன் தவறு என்றும் சொல்லியாக வேண்டும்.