சுனையோரத்துக் கல்

"தாயே, ஒன்பது வருஷம் வீணாப் போச்சு" என்றார் ஆவுடையப்பன்.

வடிவாம்பாள் கொப்பரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படிகாரம் காய்ச்சும்போது அவள் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அது உள்ளுக்குள் எரியும் மலை. வெந்நீர்ச் சுனைகளைச் சுற்றி ஆவி பீறிடும் இடமெல்லாம் மஞ்சளாகக் கந்தகம் படியும். மண்ணின் மேல் உப்புப் பூத்ததுபோல் படிகாரம் பூக்கும். அந்த மண்ணைச் சுரண்டி, ஊறவைத்து, வடிகட்டிக் காய்ச்சுவதுதான் அங்கே வேலை. தவம் என்றாலும் அதுதான்.

குரு என்றாலும் வடிவாம்பாள் உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. அவளுக்கு வயது நாற்பது. சீடர் ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு. ஊரில் பெயர்போன கொத்தனார். கோபத்திலும் பெயர்போனவர்.

அந்தக் கோபம்தான் அவரை மலையேற்றியது. ஒருநாள் கையிலிருந்த மட்டக்கோலால் மகன் இசக்கியை அடித்துவிட்டார். பையனுக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. கோபம் செத்த பிறகுதான் வீட்டு வாசலை மிதிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், அதன்பின் இறங்கவே இல்லை.

இப்போது மகனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. பேத்திக்குக் காது குத்து, அப்பா அவசியம் வரவேண்டும் என்று எழுதியிருந்தான். கடிதம் மடித்து மடித்தே கிழிந்துபோயிருந்தது.

"போயிட்டு வாங்களேன்" என்றாள் வடிவாம்பாள்.

"எப்படிப் போவேன் தாயே? அதே முழி, அதே குரல். நேத்துக்கூடக் கொப்பரை பொங்கினப்போ கத்திட்டேன்."

"கத்திட்டு?"

"தொடச்சு விட்டேன்."

அவள் சற்று நேரம் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, அடுப்புக்கு ஒரு கல் வேண்டும் என்றாள். சுனையோரம் ஆள் உயரத்துக்கு நின்ற சாம்பல்நிறக் கல்லைக் காட்டி, அதில் ஒரு பாளம் உடைத்துத் தரச் சொன்னாள்.

அந்த மலையில் கோலால் தட்டிப் பார்க்காமல் யாரும் கால் வைப்பதில்லை. நகத்தால் அழுத்திப் பார்க்காமல் யாரும் கல்லைத் தொடுவதில்லை. வந்த அன்றே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் கொத்தனாருக்குக் கல்லைப் பற்றி யார் சொல்லிக்கொடுப்பது?

ஆவுடையப்பன் கல்லைச் சுற்றி வந்தார். புள்ளி பார்த்தார், ரேகை பார்த்தார். மண் சுரண்டிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, முதல்தரக் கல் என்றும், வேறு ஆள் என்றால் பத்து அடி அடிப்பான், தனக்கு ஒரே அடி போதும் என்றும் சொன்னார். வேட்டியை வரிந்து கட்டினார். சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, உடம்பின் பலத்தையெல்லாம் சேர்த்துப் போட்டார்.

சத்தமே வரவில்லை.

சம்மட்டி பிடிவரை உள்ளே போயிற்று. பின்னாலேயே கொத்தனாரும் போனார். கல் குழைந்து சரிந்தது. எழுந்தபோது தாடி, மார்பு, மூக்கு எல்லாம் வெள்ளை மண்.

ஆவி அந்தக் கல்லை எப்போதோ வேகவைத்து மண்ணாக்கியிருந்தது. புள்ளியும் ரேகையும் மட்டும் கலையாமல் அப்படியே நின்றிருந்தன.

அந்த இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் "ஒரே அடி" என்று சொல்லப் பார்த்து, முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆவுடையப்பன் ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். வெண்ணெய்போல் விரலிடுக்கில் வழிந்தது. முப்பது வருஷம் கல்லோடு புழங்கிய கொத்தனார். அவருக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மனம் விட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்றோ, அவருக்கே தெரியாது.

வடிவாம்பாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். ஒன்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"அன்னைக்கு இசக்கியை எதுக்கு அடிச்சீங்க, கொத்தனாரே?"

"நான் கட்டின சுவர் சாஞ்சிருந்தது தாயே. அவன் அதைப் பார்த்துச் சிரி…"

அவர் நிறுத்தினார்.

அந்த இரண்டு பேரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு செம்பை வாங்கி முகத்தைக் கழுவினார்.

"மலையடியிலேருந்து வண்டி எத்தனை மணிக்குத் தாயே?"