விழக் கற்றவர்

"மாஸ்டர், எல்லாரும் என்னையே பாக்காங்க."

சுயம்புலிங்கம் இதைச் சொன்னபோது வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். காலை ஏழரை மணி. பழைய தேயிலைக் கிடங்கின் ஜன்னல்களில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை.

ஜெசிந்தா பாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு யாரு?"

"எல்லாரும்தான்."

"பேர் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "போஜன். நஸீமா சிஸ்டர். அந்த பேங்க் தம்பி. பின்னால நிக்கிற அக்கா தங்கச்சி ரெண்டு பேரும்."

"என்னத்தைப் பாக்கறாங்க?"

"தொப்பையைப் பாக்காங்க. கால் தடுக்குறதைப் பாக்காங்க. அம்பத்து மூணு வயசுல வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கிட்டு இந்த ஆளு எதுக்கு இங்க வந்து உருளுதாருன்னு பாக்காங்க."

"நான்?"

"நீங்களும்தான்."

ஜெசிந்தா துணியை வாளியில் பிழிந்தாள்.

"நாளைக்கு நீங்க பாய்ல ஏற வேண்டாம் சார். கதவுப் பக்கம் உக்காருங்க. யாரு எத்தனை தடவை உங்களைப் பாக்கறாங்கன்னு எண்ணிச் சொல்லுங்க."

அவளுக்கு வயது முப்பத்தொன்று. பகலில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விடிகாலையில் கோத்தகிரியில் பெரியவர்களுக்கு ஜூடோ சொல்லிக்கொடுத்தாள். அவளைவிட மூத்தவர்களும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சுயம்புலிங்கத்துக்கு மின்சார வாரியத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர். உடன்குடிப் பக்கத்துக்காரர். மாற்றலாகி மலைக்கு வந்து இரண்டு வருஷம். மனைவி புஷ்பம் இறந்து மூன்று வருஷம். மகள் மஸ்கட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை போன் செய்வாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "சாப்ட்டேம்மா" என்பார். பிறகு இரண்டு பேரும் அடுத்து என்ன சொல்வது என்று யோசிப்பார்கள்.

அவர் ஜூடோவுக்கு வந்ததே ஒரு சறுக்கலில்தான்.

போன ஐப்பசி மழையில், மேட்டுத் தெரு ஒன்றில் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே, பாசி பிடித்த படியில் கால் வழுக்கியது. ரீடிங் மெஷின் ஒரு பக்கம் போனது. அவர் ஒரு பக்கம் போனார்.

தூறலில் மல்லாந்து கிடந்தார். மேல் வீட்டின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் யாராவது வந்திருப்பார்கள்.

கூப்பிட வெட்கமாக இருந்தது.

பத்து நிமிஷம் கழித்துத் தானாகவே எழுந்தார். மெஷினைத் துடைத்துக்கொண்டு அதே வீட்டுக்குப் போய் ரீடிங் எடுத்தார். முதுகெல்லாம் சேறு. வாசலுக்கு வந்த அம்மாள் மீட்டர் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு டிவிக்குத் திரும்பிப் போனாள்.

அன்றைக்கு அறைக்கு வந்து மணிக்கட்டில் தைலம் தேய்த்தபோது, இதே மாதிரி குளியலறையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தார். யார் எப்போது கதவைத் தட்டுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமைவரை யாரும் தேட மாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, கிடங்கின் மீட்டரைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு பலகையைக் கண்டார்.

'ஜூடோ. பெரியவர்களுக்கு. முதல் மூன்று மாதம் விழ மட்டும் கற்றுத்தரப்படும்.'

அதை இரண்டு தடவை படித்தார்.

சேர்ந்தார். ஜூடோ உடை வந்தது. கால்சட்டை நீளம். மடித்துத் தைத்துக்கொண்டார். வீட்டுக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்தார். கழற்றினார். மறுபடி போட்டார். அதற்குமேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, யாரும் எழுந்திராத நேரமாகப் பார்த்துத் தெருவில் இறங்கினார்.

ஆறு வாரம் ஆகிவிட்டது. மற்றவர்கள் விழுந்தால் பாயில் கை அறையும் சத்தம் பளீரென்று கேட்கும். இவர் விழுந்தால் மூட்டையை இறக்கிய மாதிரி ஒரு சத்தம். விழுந்ததும் காது சுடும். அவசரமாக எழுந்து, யார் பார்த்தார்கள் என்று நாலு பக்கமும் பார்ப்பார்.

மறுநாள் கதவோரம் உட்கார்ந்தார்.

நஸீமா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெல்ட் முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. ஐந்து தடவை கட்டினாள். ஒவ்வொரு தடவையும் மற்றவர்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டினாள்.

பேங்க் தம்பி வாய்க்குள் எண்ணிக்கொண்டே கால் வைத்தான். எண்ணிக்கை தவறினால் நாக்கைக் கடித்தான்.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட மறுத்துச் சண்டை போட்டார்கள்.

போஜன் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றி இறக்கும் ஆள். வலது முழங்காலில் உறை மாட்டியிருந்தார். அது கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அதை மேலே இழுப்பதிலேயே அவருக்கு நேரம் போனது.

ஜெசிந்தா எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வகுப்பு முடிந்தது.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"போஜன்?"

"பாக்கல."

"நான்?"

"நீங்களும் பாக்கல."

"சரி. நாளைக்கு வாங்க."

சுயம்புலிங்கம் மறுநாள் போகவில்லை.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவரும் அப்படித்தான் எதிர்பார்த்தார். ஆனால் எண்ணி முடித்துக் கிடங்கிலிருந்து இறங்கி நடந்தபோதே நெஞ்சுக்குள் ஏதோ காலியானது. மெயின் ரோடு வந்தபோதுதான் அது என்னவென்று பிடிபட்டது.

ஆறு வாரமாக அவர் விடியும் முன்பே எழுந்தார். சவரம் செய்துகொண்டார். உடுப்பைத் தேய்த்து மடித்து எடுத்துக்கொண்டார். அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அங்கே தன்னைப் பார்க்க ஆறு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் போனார்.

ஒருவர்கூட இல்லை.

அன்றைக்கு வேலை நேரத்திலும் எண்ணினார். பழக்கம் விடவில்லை. மொத்தம் அறுபத்திரண்டு வீடு. "யாரு?" என்பார்கள். "கரண்ட் ரீடிங்" என்பார். கேட் திறக்கும். எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். நின்று அவர் முகத்தைப் பார்த்தது ஒரே ஒரு நாய்.

மூன்றாம் நாளிலிருந்து சவரம் செய்வதை விட்டார்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெரு அவருடைய ரவுண்டில் வந்தது. நாலாவது வீட்டின் கேட்டைத் தட்டினார்.

"கரண்ட் ரீடிங்."

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பினாள். ஜெசிந்தா.

அவருக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. தாடையைக் கையால் மறைத்துக்கொண்டார். இணைப்பு அவளுடைய அப்பா பெயரில் இருந்ததால் இது அவள் வீடு என்று அவருக்குத் தெரியாது.

"வாங்க சார்," என்றாள்.

"மீட்டர் பாக்கணும்."

"பாக்கலாம். ஏன் வரலை?"

அவர் ரீடிங் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லாரும் பாக்காங்கன்னு நெனச்சேன் மாஸ்டர். அது ஒரு கஷ்டம். உக்காந்து எண்ணச் சொன்னீங்க. எண்ணுனேன். ஒருத்தரும் பாக்கலைன்னு தெரிஞ்சுது. அதுக்கு முந்தின கஷ்டமே தேவலை."

ஜெசிந்தா கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அதற்குக் கிளிப் மாட்டினாள். அடுத்ததை எடுத்தாள்.

"ஒம்போது நாளா நான் வரலை. யாராவது கேட்டாங்களா?" என்றார் அவர்.

அவள் அந்தத் துணியையும் கொடியில் போட்டாள்.

"போஜன் உங்களைத் தூக்கிப் போடறார் இல்லையா?"

"ஆமா. ரெண்டு பேரும் ஒரே எடைன்னு நீங்கதான ஜோடி சேத்து விட்டீங்க."

"விழறப்ப என்ன பாப்பீங்க?"

"என்னத்தைப் பாக்க? கண்ணை இறுக்கி மூடிக்கிடுவேன்."

"எதுக்கு?"

"பாக்கவங்க மூஞ்சியை நான் பாக்க வேண்டாம்னுதான்."

"அங்கதான் யாரும் பாக்கலையே."

சுயம்புலிங்கம் ரீடிங் மெஷினை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நாளைக்கு வாங்க. கண்ணை மூடாம விழுங்க," என்றாள் ஜெசிந்தா.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மீட்டர் மாடிப்படிக்குக் கீழ இருக்கு. தலை இடிக்கும், குனிஞ்சு போங்க."

மறுநாள் போனார். போகலாமா வேண்டாமா என்று கிடங்குக்கு வெளியே கொஞ்ச நேரம் பனியில் நின்றார். உள்ளே விளக்கு எரிந்தது. பேச்சுக் குரல் கேட்டது. தான் இல்லாமலேயே அந்தக் குரல்கள் குறையில்லாமல் இருப்பதாகத் தோன்றியது.

கதவைத் தள்ளினார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. நஸீமா ஒரு பாயின் முனையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "அந்தப் பக்கம் பிடிங்க சார்," என்றாள். பிடித்தார். போட்டார்கள்.

போஜன் எதிரே வந்து குனிந்து வணங்கினார். இவரும் வணங்கினார்.

போஜன் இவருடைய சட்டையைப் பிடித்தார். ஒரு அடி உள்ளே வந்தார். திரும்பினார். சுயம்புலிங்கத்தின் கால்கள் தரையை விட்டுப் போயின.

கண் தானாக மூடிக்கொண்டது.

தொம்.

"கண்ணு," என்றாள் ஜெசிந்தா, தள்ளி நின்று.

இரண்டாவது தடவை பாதி மூடிக்கொண்டது. தகரக் கூரையின் ஒரு துண்டும் பல்பும் தெரிந்தன. அதற்குள் பாய் வந்துவிட்டது.

"இன்னொருக்கா," என்றார் சுயம்புலிங்கம்.

மூன்றாவது தடவை கண்ணைத் திறந்தபடியே விழுந்தார்.

கூரை சுழன்றது. ஜன்னல் தலைகீழாகப் போனது. பிறகு போஜனின் முகம் வந்தது. அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. அது இவருடைய தொப்பையைப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கவில்லை. செங்குத்தான இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவைப் பார்க்கிற டிரைவரின் முகம் அது. தாடை இறுகியிருந்தது. கண் இவருடைய பிடரிக்கும் பாய்க்கும் நடுவே இருந்த இடைவெளியிலேயே இருந்தது.

அப்புறம் தன் வலது கையைப் பார்த்தார். சட்டைக் கை விறைத்து நின்றது. அதைக் கொத்தாகப் பிடித்து ஒரு முஷ்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தது. நரம்பு புடைத்த முஷ்டி.

முதுகு பாயில் இறங்கியது. இடது கை தானாக விரிந்து பாயை அறைந்தது. பளீரென்று சத்தம் வந்தது. தலை மட்டும் பாயைத் தொடாமல் ஒரு சாண் மேலே நின்றது.

இறங்கிய பிறகும் அந்த முஷ்டி விடவில்லை.

சுயம்புலிங்கம் படுத்தபடியே அதைப் பார்த்தார்.

"எந்திரிங்க சார்," என்றார் போஜன்.

அவர் எழவில்லை. "கையை விடலையே நீங்க."

"எந்தக் கை?"

"என் சட்டையைப் பிடிச்சிருக்கீங்களே."

போஜன் தன் கையைப் பார்த்தார். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

"விட்டா மண்டை அடிபட்டுரும் சார்."

"இன்னைக்கு மட்டுமா?"

"இன்னைக்கு என்ன புதுசா?" என்றார் போஜன். "முதல் நாள்ல இருந்தே பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."